பாலையில் ஒரு குடித்தனம்

பாலைத் திணைக்குரிய ஒழுக்கமாகத் தமிழ் இலக்கண மரபு வகுத்தது பிரிவை. பொருள் தேடித் தலைவன் சுரம் கடப்பான். தலைவி ஊரில் காத்திருப்பாள். வளைகுடா நாடுகளுக்குத் தமிழர்கள் வேலைக்குச் செல்லத் தொடங்கிய பிறகும் இந்த இலக்கணம் பெரிதும் மாறவில்லை. கணவர் துபாயில், மனைவியும் குழந்தையும் ஊரில் என்பதே எண்ணற்ற குடும்பங்களின் வாழ்க்கை.

அதே மரபில் உடன்போக்கும் உண்டு. தலைவனோடு தலைவியும் சுரவழி நடப்பாள். கணவரோடு மனைவியும் கைக்குழந்தையும் பாலைவன நகரங்களில் குடியேறுவது இன்றைய உடன்போக்கு. பிரிவைவிட அது நல்லது என்பதில் ஐயமில்லை. ஆனால், அந்தப் புதிய வீடு எதன்மீது நிற்கிறது என்பதை அறிந்துகொண்டே அதில் காலடி வைக்க வேண்டும்.

தருமபுரி மாவட்டம் கடத்தூரிலிருந்து ஓர் இளம் தம்பதி ஐக்கிய அரபு அமீரகத்தில் குடியேறுவதாக வைத்துக்கொள்வோம். மானாவாரி நிலத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு வெயிலும் தண்ணீர்ச் சிக்கனமும் புதியவையல்ல. அங்கே வீட்டுக்குள் குளிரூட்டி இருக்கும். குழாயில் உப்பு நீக்கப்பட்ட கடல்நீர் வரும். அவர்கள் எதிர்கொள்ள வேண்டியது வெப்பத்தைவிடக் காலக்கெடுகளையே.

பெங்களூருக்கோ திருப்பூருக்கோ குடிபெயர்ந்தால், வேலை போனாலும் வாடகை கொடுக்க முடியும்வரை அங்கே இருக்கலாம். அமீரகத்தில் மனைவி, குழந்தையின் குடியிருப்பு விசா, கணவரின் விசாவைச் சார்ந்தது. அவரது விசாவை ரத்து செய்யும் முன் குடும்பத்தினரின் விசாவை ரத்து செய்ய வேண்டும். அல்லது வேறு விசாவுக்கு மாற்ற வேண்டும். அதன் பிறகு கிடைப்பது குறிப்பிட்ட சலுகைக் காலம் மட்டுமே. ஒருவரின் வேலையே ஒரு வீட்டின் அஸ்திவாரம்.

குடும்பத்தை அழைத்துக்கொள்ள மாத ஊதியம் 4,000 திர்ஹம், அல்லது 3,000 திர்ஹமுடன் தங்குமிடம் இருந்தால் போதும் என 2019-இல் அமீரகம் விதியைத் தளர்த்தியது. இன்ன தொழில் செய்பவர்தாம் குடும்பத்தை அழைக்கலாம் என்ற கட்டுப்பாடும் நீங்கியது. ஆனால், அது சட்டம் கேட்கும் தொகை. குடும்பம் நடத்தப் போதுமான தொகை அன்று. துபாயில் ஆண்டு வாடகையைச் சில காசோலைகளாக முன்கூட்டியே கொடுப்பது வழக்கம். அடுக்குமாடி வீட்டின் மின், நீர் இணைப்புக்கு 2,000 திர்ஹம் வைப்புத்தொகை கட்ட வேண்டும். ஆண்டு வாடகையில் 5 சதவீதம் வீட்டுக் கட்டணமாக மாதாந்திர ரசீதில் சேரும். மனைவி, குழந்தைக்கான மருத்துவக் காப்பீடு அங்கே கணவரின் பொறுப்பு. அரசுப் பள்ளியில் இலவசமாகப் படிக்கவைக்கும் வாய்ப்பும் இல்லை. இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகள் அனைத்தும் கட்டணப் பள்ளிகளே.

பணத்துக்கு அடுத்தது ஆவணங்கள். 2009-ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டப்படி 90 நாள்களுக்குள் திருமணத்தைப் பதிவு செய்ய வேண்டும். ஆனாலும், கோயிலில் தாலி கட்டி, மண்டபத்தில் விருந்து வைத்ததோடு நிறுத்திக்கொள்பவர்கள் இன்றும் உள்ளனர். பதிவுச் சான்றிதழ் இருந்தாலும் அதற்கு மாநில அரசு, மத்திய வெளியுறவு அமைச்சகம், இந்தியாவிலுள்ள அமீரகத் தூதரகம், பின்னர் அந்நாட்டு வெளியுறவு அமைச்சகம் என வரிசையாகச் சான்றொப்பம் பெற வேண்டும்.

தமிழர்களுக்கே உரிய இன்னொரு சிக்கல் பெயர். முன்னெழுத்தோடு ஒற்றைப் பெயர் வைத்துக்கொள்வது நம் வழக்கம். கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்கள் சுற்றுலா, வருகை விசாக்களில் நுழைய முடியாது என 2022 நவம்பரில் அமீரகம் அறிவித்தது. இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கப்படும் எனப் பின்னர் விளக்கமளிக்கப்பட்டது. திருமணச் சான்றிதழ், கடவுச்சீட்டு, ஆதார் மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்பதைப் புறப்படும் முன்பே பார்த்துவிடுவது நல்லது.

நம் வழக்கமும் அந்நாட்டு விதியும் நேருக்குநேர் மோதும் இடம் ஒன்று உண்டு: தாய்வீட்டுப் பிரசவம். ஏழாம் மாதம் வளைகாப்பு முடித்து ஊருக்கு வரும் பெண், குழந்தைக்கு ஐந்து மாதம் ஆன பிறகு திரும்ப நினைப்பது இயல்பு. ஆனால், தொடர்ந்து ஆறு மாதங்களுக்கு மேல் வெளிநாட்டில் இருந்தால் அமீரகக் குடியிருப்பு விசா பொதுவாகச் செல்லாததாகிவிடும். தக்க காரணம் காட்டி, அபராதம் கட்டி, மறுநுழைவு அனுமதி பெற வேண்டும். ஊரில் பிறந்த குழந்தைக்குத் தனிக் கடவுச்சீட்டும், சான்றொப்பம் பெற்ற பிறப்புச் சான்றிதழும், தனி விசாவும் தேவை. இவற்றை மறந்தால், பிறந்த குழந்தையைத் தந்தை பார்ப்பதே பல மாதம் தள்ளிப்போகும்.

குழந்தை அங்கேயே பிறந்தால் 120 நாள்களுக்குள் அதற்குக் குடியிருப்பு விசா பெற வேண்டும், தவறினால் அபராதம். இந்தியக் குடியுரிமைச் சட்டப்படி, ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் அல்லது துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிவு செய்ய வேண்டும்.

வேலை போனால் என்ன செய்வது? 2023 ஜனவரி முதல் அமீரகத்தில் வேலையிழப்புக் காப்பீடு கட்டாயம். அடிப்படை ஊதியம் 16,000 திர்ஹம் வரை உள்ளவர்களுக்குச் சந்தா மாதம் 5 திர்ஹம். குறைந்தது 12 மாதம் சந்தா செலுத்தியவர் வேலையிழந்தால், அடிப்படை ஊதியத்தில் 60 சதவீதம் அதிகபட்சம் மூன்று மாதம் கிடைக்கும். தாமாக விலகியவர்களுக்குக் கிடையாது. பணிக்கொடையும் முதல் ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படை ஊதியம் என்றே கணக்கிடப்படுகிறது. ஆகவே, ஒப்பந்தத்தில் மொத்த ஊதியத்தை மட்டும் பார்த்து மகிழாமல், அதில் அடிப்படை ஊதியம் எவ்வளவு என்று கேட்க வேண்டும்.

ஒற்றைத் தூணில் நிற்கும் வீட்டுக்கு இரண்டாம் தூண், மனைவியின் வேலை. கணவரின் பொறுப்பில் விசா பெற்ற பெண்ணும், வேலையளிப்பவர் பெற்றுத் தரும் பணி அனுமதியுடன் அங்கே வேலை செய்யலாம். அதற்கு அவரது பட்டச் சான்றிதழுக்கும் புறப்படும் முன்பே சான்றொப்பம் பெற்றிருப்பது உதவும். கணவரின் சான்றிதழ்களுக்கு அலையும் குடும்பங்கள் மனைவியின் சான்றிதழை அலமாரியிலேயே விட்டுச் செல்வது தவறு.

இதில் அரசுக்கும் கடமை உண்டு. 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம், வேலைக்குச் செல்பவரைத்தான் குடிபெயர்வோராகக் கருதுகிறது. அவருடன் செல்லும் குடும்பத்தினர் அந்த வரையறைக்குள் வருவதில்லை. தொழிலாளருக்கு ஆள்சேர்ப்பு முகவர் பதிவு, காப்பீடு, முன்பயிற்சி என்று ஏதோவொரு பாதுகாப்பு இருக்கிறது. பின்தொடர்ந்து செல்லும் இளம் தாய்க்கு வழிசொல்ல யாருமில்லை.

தமிழக அரசு அயலகத் தமிழர் நலனுக்கெனத் தனித் துறையும் வாரியமும் அமைத்துள்ளது. அதன் பணி சென்னையோடு நின்றுவிடாமல், ஒவ்வொரு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் குடும்பத்துடன் செல்வோருக்கான வழிகாட்டி மையமாக விரிய வேண்டும். திருமணப் பதிவு, பெயர்த் திருத்தம், சான்றொப்பம், பிரசவக் காலக்கெடு ஆகியவற்றை ஒரே இடத்தில் தமிழில் விளக்க ஓர் அலுவலர் இருந்தால் போதும். கடத்தூரிலிருந்து தருமபுரி வரை சென்றுவரும் செலவில் தீரக்கூடிய சிக்கலுக்கு, துபாயில் திர்ஹம் கணக்கில் அபராதம் கட்டும் நிலை நம் குடும்பங்களுக்கு வரக்கூடாது.