வேகம் குறைந்த கணினிக்கு ‘ரீசெட்’ எப்போது மருந்தாகும்?

ஆண்டுகள் சென்ற கணினி ஒன்று திரையில் முகப்பைக் காட்டவே பல நிமிடங்கள் எடுத்துக்கொள்ளத் தொடங்கியதும், பழுதுபார்க்கும் கடைகளில் முதலில் கிடைக்கும் யோசனை ‘ஃபார்மட் அடித்துவிடலாம்’ என்பதே. அந்த ஒரே பேச்சுக்குள் இரண்டு வேறு வேலைகள் அடங்கியுள்ளன. வட்டிலுள்ள அனைத்தையும் அழித்துவிட்டு, கணினியின் உறுப்புகளையும் அதில் ஓடும் மென்பொருள்களையும் கட்டி மேய்க்கும் விண்டோஸ் போன்ற இயங்குதளத்தை வெளியிலிருந்து புதிதாக நிறுவுவது ஒன்று. கணினியைத் தயாரித்த நிறுவனமே வட்டின் ஒரு மூலையில் மறைத்து வைத்து அனுப்பிய நகலைக் கொண்டு, பெட்டியைப் பிரித்த அன்று இருந்த நிலைக்கே அதைத் திருப்புவது மற்றொன்று. பின்னதற்கே ‘ஃபேக்டரி ரீசெட்’, அதாவது தொழிற்சாலை நிலைக்கு மீட்டல் என்று பெயர். இரண்டில் எது தேவை, அல்லது இரண்டுமே தேவையில்லையா என்பதை, அந்தக் கணினியின் வேகம் எங்கே குறைந்தது என்பதைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

வேகக் குறைவின் ஒரு பகுதி மென்பொருளால் சேர்ந்தது. நிறுவப்படும் மென்பொருள்களில் பல, கணினி எழும்போதே தாமும் எழுந்து பின்னணியில் காத்திருக்கும்படி தம்மைப் பதிவு செய்துகொள்கின்றன. ஒன்றுக்கு இரண்டாக நிறுவப்பட்ட ஆன்டிவைரஸ்கள் ஒரே கோப்பை மாறி மாறிச் சோதிக்கின்றன. உலாவியில் கேளாமல் ஏறிக்கொண்ட நீட்சிகள் ஒவ்வொரு பக்கத்திலும் தலையிடுகின்றன. இவையனைத்தும் ரீசெட் செய்தால் ஒரே மூச்சில் நீங்கிவிடும். ஆனால் 2010களின் மடிக்கணினிகளில் பெரும்பாலும் இருப்பது நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் ஹார்ட் டிஸ்க்; அது ஒரு சுற்றை முடிக்கவே சுமார் 11 மில்லிவிநாடி ஆகிறது. தரவைப் படிக்கும் முனை உரிய தடத்துக்கு நகர்ந்து, வேண்டிய இடம் தன் கீழே சுழன்று வரும்வரை காத்திருக்க வேண்டியிருப்பதால், வட்டில் சிதறிக் கிடக்கும் சிறு துண்டுகளை விநாடிக்கு நூறுக்கும் குறைவான முறைதான் அதனால் எடுத்துத் தர இயலும். அசையும் உறுப்பே இல்லாமல், நினைவகச் சில்லுகளால் மட்டுமே ஆன எஸ்எஸ்டி அதே வேலையை விநாடிக்குப் பல்லாயிரம் முறை செய்கிறது. காற்றாடியில் அடைத்த தூசும், பிராசஸருக்கும் வெப்பம் கடத்தும் தகட்டுக்கும் இடையில் பூசப்பட்டுக் காய்ந்துபோன பசையும் இன்னொரு காரணம். சூடு ஏறினால் பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இந்த இரண்டையும் எந்த ரீசெட்டும் தொடாது.

காரணத்தைக் கண்டறியக் கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. விண்டோஸ் 8 முதல் வந்துள்ள பதிப்புகளில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் ‘டாஸ்க் மேனேஜர்’ திறக்கும். கணினியில் வேலை எதுவும் நடக்காதபோதும் அதன் ‘டிஸ்க்’ பத்தி 100 விழுக்காட்டிலேயே நின்றால் குறை ஹார்ட் டிஸ்க்கில். உலாவியை மட்டும் திறந்ததும் ‘மெமரி’ 90 விழுக்காட்டைத் தாண்டினால் ரேம் எனப்படும் தற்காலிக நினைவகம் போதவில்லை. இரண்டும் இல்லாமல், ‘ஸ்டார்ட்அப்’ பட்டியல் மட்டும் நீண்டிருந்தால் அங்கேயே வேண்டாதவற்றை முடக்கிவிட்டால் போதும், ரீசெட் வரை போக வேண்டியதே இல்லை.

மீட்பு நகல் இருக்கும் இடம் காலந்தோறும் மாறியிருக்கிறது. விண்டோஸ் எக்ஸ்பி வெளிவந்த 2001ஐ ஒட்டிய ஆண்டுகளில் கணினியோடு மீட்புக் குறுந்தகடுகளும் வந்தன. பிறகு அந்த நகல் ‘ரெகவரி பார்ட்டிஷன்’ எனப்படும், வட்டிலேயே பிரித்து வைத்த மறைவான பகுதிக்குள் புகுந்தது. கணினி எழும் தறுவாயில் அதை அழைக்கும் விசை நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும்: எச்பி கணினிகளில் எஃப்11, ஏசஸ் கணினிகளில் எஃப்9, ஏசரில் ஆல்ட்டும் எஃப்10உம், லெனோவோ மடிக்கணினிகள் பலவற்றில் இதற்கென்றே ஒரு சிறு பொத்தான் உண்டு. 2012இல் வந்த விண்டோஸ் 8 இந்த வசதியை இயங்குதளத்துக்குள்ளேயே கொண்டுவந்தது. 2015இல் வந்த விண்டோஸ் 10 தனி நகல் எதையும் நாடாமல், ஏற்கெனவே உள்ள இயங்குதளக் கோப்புகளைக் கொண்டே தன்னைத் திரும்பக் கட்டிக்கொள்ளத் தொடங்கியது. 2020ஆம் ஆண்டுப் புதுப்பிப்பு முதல், புதிய நகலை இணையத்திலிருந்து நேரடியாக இறக்கிக்கொள்ளும் ‘கிளவுட் டவுன்லோட்’ தெரிவும் சேர்ந்துள்ளது. ஆகவே விண்டோஸ் 8உடன் வாங்கப்பட்டுப் பின்னர் 10க்கு உயர்த்தப்பட்ட கணினியில், அமைப்புகள் பகுதியிலுள்ள ‘ரீசெட் திஸ் பிசி’ 10க்கே கொண்டுசெல்லும். தொடக்கத்தில் அழுத்தும் விசையோ, மறைவுப் பகுதி அழியாமல் இருந்தால், 8க்கே திருப்பிவிடும். அந்தப் பகுதி எஞ்சியிருப்பதும் உறுதியில்லை. இடையில் எப்போதேனும் கடையில் வேறு இயங்குதளம் போட்டிருந்தால், இடம் மிச்சப்படுத்துவதாகக் கருதி அதை அழித்திருக்கக்கூடும்.

தொழிற்சாலை நிலை என்பது ஒரு தேதியும்கூட என்பது பலருக்கும் உறைப்பதில்லை. 2011இல் விண்டோஸ் 7உடன் விற்பனையான கணினியை அன்றைய நிலைக்கு மீட்டால், அதன் பின் வெளியான பாதுகாப்புத் திருத்தங்கள் அனைத்தும் இல்லாத கணினியே கிடைக்கும். 2017 மே 12 அன்று உலகெங்கும் பரவிய ‘வான்னாகிரை’ என்னும் பணயத்தொகை நச்சுநிரல் நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதற்கு இரண்டு மாதம் முன்பே வெளியிட்டிருந்தது. அன்று வீழ்ந்த கணினிகளில் பெரும்பாலானவை அத்திருத்தத்தை ஏற்காத விண்டோஸ் 7 கணினிகளே. மீட்கப்பட்ட கணினி அதே திறந்த கதவுடன்தான் மீண்டும் இணையத்துக்கு வருகிறது. புதுப்பித்துக்கொள்ளலாம் என்றால் அதுவும் எளிதில்லை. 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் புதுப்பிப்புகளின் மெய்ம்மையை உறுதி செய்யும் மின்கையொப்பத்தை ‘ஷா-2’ என்னும் புதிய முறைக்கு மாற்றிவிட்டது. அம்முறையை அறியாத பழைய நிறுவலுக்கு, அதை அறிமுகப்படுத்தும் திருத்தத்தைக் கையால் நிறுவிய பிறகே எதுவும் ஏறும். விண்டோஸ் 7க்கான பொது ஆதரவே 2020 ஜனவரி 14உடன் முடிந்துவிட்டது. அதனுடன் வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 8, இன்றைய பாதுகாப்பான இணைப்பு முறைகளை இயல்பாகப் பேசாததால், வேறோர் உலாவியை இறக்கும் பக்கத்தைக்கூடப் பல வேளைகளில் திறக்காது. தாய்ப்பலகையிலுள்ள காசு வடிவ மின்கலம் தீர்ந்துபோயிருந்தாலும் இதே தொல்லை வேறு வழியில் வரும்: கடிகாரம் பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய்விடுவதால், இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாதவை என்று கணினி அடம்பிடிக்கும். 2011இல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் தொடக்க ஆண்டுகளில் வழங்கப்பட்டவை இந்த வயதை எட்டிவிட்டன. அவற்றைத் தூசு தட்டி எடுப்பவர்கள் இதை மனத்தில் கொள்வது நல்லது.

ரீசெட் செய்வதே முடிவு என்றாலும் முதலில் வட்டின் நலத்தைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வட்டும் ‘ஸ்மார்ட்’ என்னும் பதிவேட்டில் தன் குறைகளைத் தானே குறித்து வைக்கிறது. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச மென்பொருள் அதைக் காட்டும். கெட்டுப்போய் மாற்றிடம் ஒதுக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை பூச்சியமாக இல்லாமல் ஏறிக்கொண்டே போனால், அந்த வட்டில் ரீசெட் செய்வது வீண்வேலை. பல கிகாபைட் தரவை எழுதும் பளுவில் அது பாதியிலேயே நின்றும்விடலாம். அடுத்தது நகலெடுத்தல். ஒளிப்படங்களையும் ஆவணங்களையும் யாரும் மறப்பதில்லை. தமிழில் எழுதுவோர் மறப்பது எழுத்துருக்களை. தமிழ் எழுத்துகளுக்கே தனிக் குறியெண் தரும் யூனிகோட் முறை பரவலாவதற்கு முன் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சிட்ட கோப்புகளுக்குள் உண்மையில் இருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளுமே; அவற்றின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்துவது அந்த எழுத்துரு. ரீசெட்டில் எழுத்துரு அழிந்ததும், பல ஆண்டு உழைப்பான கவிதையும் குடும்பப் பத்திரமும் கோயில் விழா அழைப்பிதழும் பொருளற்ற ஆங்கிலக் கிறுக்கல்களாகத் திறக்கும். விண்டோஸின் ‘ஃபான்ட்ஸ்’ கோப்புறையைப் பென்டிரைவில் எடுத்து வைத்துக்கொள்வதும், முடிந்தால் அக்கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றிவிடுவதும் இதற்குத் தீர்வு. கணக்கு மென்பொருளின் தரவு பெரும்பாலும் ‘டாக்குமென்ட்ஸ்’ கோப்புறைக்கு வெளியே கிடப்பதால் அதைப் பயன்படுத்தும் வணிகர்கள் அதையும் தேடி எடுக்க வேண்டும். விண்டோஸ் 7 காலக் கணினியின் அடியில் ஒட்டிய தாளிலுள்ள 25 எழுத்து உரிமக் குறியீடு தேய்ந்து மறையும் முன் அதைப் படம் பிடித்து வைக்கலாம். விண்டோஸ் 8 முதல் அக்குறியீடு பெரும்பாலும் தாய்ப்பலகையிலேயே பதிந்திருப்பதால் அந்தக் கவலை இல்லை. வட்டு ‘பிட்லாக்கர்’ முறையில் பூட்டப்பட்டிருந்தால், 48 இலக்க மீட்பு எண் கையில் இல்லாமல் தொடங்கவே கூடாது.

இத்தனை பாடும் ஹார்ட் டிஸ்க் உள்ள கணினிக்குத் தகுமா என்றால், பெரும்பாலும் தகாது. ரீசெட் தரும் சுறுசுறுப்பு புதுப்பிப்புகள் ஏற ஏறச் சில மாதங்களில் கரைந்துவிடும். விற்பனையின்போது நிறுவனம் திணித்தனுப்பிய சோதனைக்கால ஆன்டிவைரஸும் விளம்பர மென்பொருள்களும்கூடத் தொழிற்சாலை நகலோடு திரும்பி வரும். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி பொருத்தி, ரேமை 8 கிகாபைட்டாக்கி, இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுவதே பணத்துக்கு ஏற்ற பலன் தரும் வழி. ஆனால் இன்டெலின் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பிராசஸர்களை விண்டோஸ் 11 பொதுவாக ஏற்பதில்லை. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவோ 2025 அக்டோபர் 14உடன் முடிந்து, தனியே பதிவு செய்துகொண்ட வீட்டுப் பயனர்களுக்கு மட்டும் ஓராண்டு நீட்டிக்கப்பட்டது. அந்த வயதுக் கணினியில் உலாவியும் கடிதம் எழுதுதலும் மட்டுமே வேலையென்றால், லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளம் பழைய விண்டோஸைவிடப் பாதுகாப்பானது.

விற்கவோ பிறருக்குக் கொடுக்கவோ ரீசெட் செய்வோர் நிலை வேறு. அழித்த கோப்பின் பெயர் பட்டியலிலிருந்து நீங்கினாலும், மேலெழுதப்படும் வரை உள்ளடக்கம் ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கிறது. அமெரிக்காவின் எம்ஐடியைச் சேர்ந்த சிம்சன் கார்ஃபிங்கலும் அபி ஷெலாட்டும் 158 பழைய வட்டுகளை வாங்கி ஆராய்ந்து 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஒழுங்காகத் துடைக்கப்பட்டிருந்தவை வெகு சிலவே. மற்றவற்றில் ஆயிரக்கணக்கான கடன் அட்டை எண்கள் இருந்தன, ஒன்று ஏடிஎம் இயந்திரத்திலிருந்தே வந்திருந்தது. விண்டோஸ் ரீசெட்டின்போது ‘கிளீன் டேட்டா’ என்னும் தெரிவைச் சேர்த்தால் வட்டு முழுதும் மேலெழுதப்படும். பல மணிநேரம் ஆனாலும் பிறர் கைக்குப் போகும் கணினிக்கு அதைத் தவிர்க்கக் கூடாது. எழவே மறுக்கும் கணினியைப் பழைய விலைக்குப் போடுவோர், வட்டைக் கழற்றித் தம்மிடம் வைத்துக்கொண்டு மீதியை மட்டும் கொடுக்க வேண்டும்.