காட்டாமணக்கு எண்ணெய்த் தொழில் கட்டுப்படியாகுமா?

ஆலங்குளம் பகுதி மானாவாரி விவசாயிகள் கேட்கும் கேள்வி இது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். சிறு செக்கில் ஒரு லிட்டர் எண்ணெய் எடுக்க ஏறத்தாழ 4 கிலோ விதை வேண்டும். கிலோ 25 ரூபாய் என்று வைத்தால் விதைக்கே 100 ரூபாய். ஆட்டும் கூலி தனி. டீசலோடு போட்டி போட முடியாது. விதை விலையைக் குறைத்தால், பறிப்புக் கூலியே தேறாது.

2009 தேசிய உயிரி எரிபொருள் கொள்கை, 2017-க்குள் 20 சதவீதம் கலக்க இலக்கு வைத்தது, அது எட்டப்படவில்லை. தமிழகத்தில் காட்டாமணக்கு நட்ட பலருக்கும் எதிர்பார்த்த மகசூல் வரவில்லை. அதன் பிண்ணாக்கும் நஞ்சு; மாட்டுக்கு வைக்கக் கூடாது, உரமாகப் பயன்படும்.

ஆகவே எரிபொருளை நம்பிக் கடன் வாங்காதீர்கள். வரப்பில் வேம்பு, புங்கம் இருந்தால் விதை பொறுக்கி, எண்ணெயையும் பிண்ணாக்கையும் விற்கலாம். காட்டாமணக்குதான் வேண்டுமென்றால், விதையை யார், என்ன விலைக்கு எடுப்பார் என்பதை எழுத்தில் வாங்கிய பிறகே கன்று நடுங்கள்.