பொட்டும் புடவையுமாக ஓட்டல் மேடையில்!

கல்கத்தாவில் பார்க் தெரு என்று ஒரு தெரு உண்டு. 1960-களில் அங்கே இரவு என்பதே கிடையாது! ஓட்டலுக்கு ஓட்டல் மேடை, மேல்நாட்டுச் சங்கீதம். பாடும் பெண்கள் கவுன் அணிவார்கள்.

அங்குள்ள 'டிரிங்காஸ்' ஓட்டலுக்கு ஒரு தமிழ்ப் பெண் பாட வந்தார். பெயர் உஷா. பம்பாயில் பிறந்தவர். 1969-ல் சென்னை மவுண்ட் ரோடு கிளப்பில் பாடத் தொடங்கியவர்.

காஞ்சீபுரம் பட்டு, தலையில் பூ, நெற்றியில் பெரிய பொட்டு. பார்த்தால் கல்யாண வீட்டுக்கு வந்தவர் போல இருக்கும். வாயைத் திறந்தாலோ ஆங்கிலப் பாட்டு! ஆண்குரல் போலக் கனத்த குரல். பள்ளிப் பாட்டு வகுப்பில் ஒதுக்கித் தள்ளப்பட்ட குரல்தான் அது! கூட்டம் சொக்கிப்போனது.

பிறகு கேளிக்கை வரி ஏறியது. பல மேடைகள் இருண்டன. டிரிங்காசில் பாட்டு ஓயவில்லை.

உஷா உதூப்புக்கு 2024-ல் பத்மபூஷண் விருது கிடைத்தது. அப்போதும் அதே பட்டு, அதே பொட்டு!