120 மெகாஹெர்ட்ஸுக்கு 350 டாலரா?

2022 நவம்பரில் ஆர்டிஎக்ஸ் 4080 கிராஃபிக்ஸ் கார்டு கடைக்கு வந்தபோது என்விடியா அறிவித்த விலை 1,199 டாலர். அதே சிப்பை வைத்து ஏசுஸ் தன் ஸ்ட்ரிக்ஸ் வரிசையில் ஒரு கார்டு செய்தது. வேகத்தைத் தொழிற்சாலையிலேயே கூட்டிய அந்த ஓ.சி. (ஓவர்கிளாக்) மாடலின் விலை ஏறக்குறைய 1,550 டாலர். கூட்டியது எவ்வளவு? என்விடியா குறித்த பூஸ்ட் வேகம் 2,505 மெகாஹெர்ட்ஸ், ஸ்ட்ரிக்ஸில் 2,625. நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. விலையோ 29 சதவீதம் அதிகம்.

இன்னும் 50 டாலர் போட்டால் ஒரு படி மேலான ஆர்டிஎக்ஸ் 4090-இன் அறிவிப்பு விலையே வந்துவிடும். 9,728 கோர்கள் இருக்கும் இடத்தில் 16,384. 16 ஜிபி நினைவகத்துக்குப் பதில் 24 ஜிபி. அந்த நாட்களில் 4090 அறிவித்த விலைக்குக் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது என்பது வேறு கதை.

ஓ.சி. கார்டு எப்போதுமே இப்படி இருந்ததில்லை. 2010-இல் வந்த ஜிடிஎக்ஸ் 460-க்கு என்விடியா வைத்த வேகம் 675 மெகாஹெர்ட்ஸ்தான். சிப்பிலோ இன்னும் நிறையத் தெம்பு மிச்சமிருந்தது. அதைக் கண்டுகொண்ட ஈவிஜிஏ நிறுவனம், எஃப்டிடபிள்யூ என்ற பெயரில் அதை 850 மெகாஹெர்ட்ஸில் ஓடவிட்டு விற்றது. நூற்றுக்கு 26 உயர்வு. விளையாடுபவர் கண்ணுக்கே தெரிகிற வித்தியாசம். அந்தக் காலத்தில் ஓ.சி. முத்திரைக்குக் கூடுதலாகக் கொடுத்த பணத்துக்கு நியாயம் இருந்தது.

2012-இல் ஜிடிஎக்ஸ் 680-உடன் வந்த ‘ஜிபியு பூஸ்ட்’ இந்தக் கணக்கை மாற்றியது. அதன்பிறகு சிப் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. வெப்பம், மின்சாரம், வோல்டேஜ் மூன்றையும் நொடிக்குப் பலமுறை பார்த்து, இடமிருந்தால் தானாகவே மேலே ஏறிக்கொள்கிறது. ஆர்டிஎக்ஸ் 3080-இன் பெட்டியில் இருப்பது 1,710. விளையாட்டின் நடுவே அளந்து பார்த்தால் சாதாரண மாடலே 1,900-ஐ ஒட்டி ஓடும். முன்பு ஓ.சி. கார்டு தயாரிப்பாளர் எடுத்துப் பயன்படுத்திய மிச்சத்தை இப்போது சிப் தானே எடுத்துக்கொள்கிறது. பெட்டியில் 100 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி காட்டும் இரு கார்டுகள் நடைமுறையில் இன்னும் நெருங்கிவிடுவது இதனால்தான். போதாததற்கு, பெரும்பாலான ஓ.சி. மாடல்களில் நினைவகத்தின் வேகத்தை யாரும் தொடுவதில்லை. கோர் ஐந்து சதவீதம் வேகமானாலும் திரையில் அந்த ஐந்தும் முழுதாக வந்து சேராது. நொடிக்கு 60 ஃபிரேம் வந்த இடத்தில் 62 வரலாம். ஃபிரேம் எண்ணும் மீட்டரை அணைத்துவிட்டு விளையாடுபவருக்கு எது எதுவென்று தெரியாது.

இந்தச் சிறு இடைவெளியை என்விடியாவே காசாக்கிப் பார்த்தது. 2018-இல் ஆர்டிஎக்ஸ் 2080-க்கு அது குறித்த விலை 699 டாலர், வேகம் 1,710. அதன் சொந்தத் தயாரிப்பான ஃபவுண்டர்ஸ் எடிஷன் 799 டாலர், வேகம் 1,800. கூடவே அந்த வரிசையில் ஒரே சிப்பை இரண்டு தரமாகப் பிரித்தது. ‘ஏ’ முத்திரை பெற்ற சிப்பில்தான் கூட்டாளி நிறுவனங்கள் தொழிற்சாலையில் வேகம் கூட்டலாம் என்றது. அடுத்த ஆண்டே அந்தப் பிரிவினையைக் கைவிட்டது.

கூட்டாளி நிறுவனங்களின் பக்கமும் ஒரு நெருக்கடி உண்டு. சிப்பின் விலை என்விடியா கையில். அறிவிப்பு விலையும் அதன் கையில். நடுவில் நின்று ஃபேனும் போர்டும் சேர்த்து விற்பவருக்கு மிஞ்சுவது சொற்பம். 2022 செப்டம்பரில் ஈவிஜிஏ கிராஃபிக்ஸ் கார்டு தொழிலையே விட்டு விலகியபோது பேசப்பட்ட காரணங்களில் மெலிந்த லாபமும் ஒன்று. ஓ.சி. மாடல்தான் அவர்கள் சற்று மூச்சுவிடும் இடம். ஒரே சிப்புக்கு ஒரே நிறுவனம் நான்கைந்து பெயர்களில் கார்டு இறக்குவதற்கு இது பெரிய காரணம்.

வேகத்தைக் கூட்டினால் ஆபத்தா? தொழிற்சாலையில் கூட்டியதற்கு உத்தரவாதம் உண்டு என்பதால் பொதுவாகக் கவலையில்லை. விதிவிலக்கு 2020 செப்டம்பரில் நடந்தது. 3080 விற்பனைக்கு வந்த சில நாட்களிலேயே, வேகம் 2,000 மெகாஹெர்ட்ஸைத் தொட்டதும் விளையாட்டு அறுந்து டெஸ்க்டாப்புக்கு வந்துவிடுகிறது என்று பலர் புகார் சொன்னார்கள். சிப்பின் பின்புறமுள்ள கெப்பாசிட்டர்கள்மேல் சந்தேகம் விழுந்தது. தன் முதல் வடிவமைப்பு சோதனையில் தேறாததால் அதை மாற்றியதாக ஈவிஜிஏ வெளிப்படையாகவே சொன்னது. மாத இறுதியில் வந்த 456.55 டிரைவருக்குப் பிறகு புகார்கள் பெரும்பாலும் அடங்கின.

அப்படியானால் அந்தக் கூடுதல் பணம் வீணா? முழுக்க இல்லை. விலையுயர்ந்த ஓ.சி. கார்டில் உண்மையில் கிடைப்பது பெரிய ஹீட்சிங்க், சத்தமில்லாத ஃபேன், உறுதியான போர்டு, சிலவற்றில் ‘அமைதி’, ‘வேகம்’ என இரண்டு பயாஸ். சித்திரை வெயிலில் ஏசி இல்லாத சென்னை அறையில் கணினி வைத்திருப்பவருக்கு இது சின்ன விஷயமல்ல. அறை பத்து டிகிரி சூடானால், அதே ஃபேன் வேகத்தில் கார்டும் ஏறக்குறைய அவ்வளவு சூடாகும். மலிவான கார்டின் ஃபேன் அங்கே அலறத் தொடங்கிவிடும். ஆக, கடையில் கேட்கவேண்டியது ஹீட்சிங்க் எவ்வளவு பெரியது, உத்தரவாதம் எத்தனை ஆண்டு, சர்வீஸ் சென்டர் எந்த ஊரில் என்பதையே. ஏசுஸின் டஃப் வரிசையில் நடப்பதுபோல, ஒரே ஹீட்சிங்குடன் ஓ.சி. ஒன்றும் ஓ.சி. அல்லாதது ஒன்றுமாக இரண்டு மாடல் இருந்தால் விலை குறைந்ததையே தயங்காமல் எடுக்கலாம்.

விட்டுப்போன வேகத்தை வீட்டிலேயே கூட்டிக்கொள்ள முடியும். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் இலவச மென்பொருள். எந்த நிறுவனத்தின் கார்டிலும் வேலை செய்யும். கோர் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, விளையாட்டு தடுமாறும் இடத்தில் ஒரு படி இறங்கி நிற்க ஒரு மாலைப்பொழுது போதும். எதிர்த்திசையில் போவது இன்னும் லாபம்: வோல்டேஜைச் சற்றுக் குறைத்தால் வேகம் ஏறக்குறைய அப்படியே இருக்க, சூடும் மின்செலவும் குறையும். மாறாக, ஸ்ட்ரிக்ஸ் 4090-இன் மின் வரம்பை 600 வாட் வரை உயர்த்த முடியும். அவ்வளவு மின்சாரமும் சேர்ந்து தருவது சில சதவீத வேகம்தான்.

பணம் கட்டும் முன் கேபினெட்டை ஒருமுறை அளந்துவிடுவது நல்லது. ஸ்ட்ரிக்ஸ் 4080-இன் நீளம் 357.6 மில்லிமீட்டர், தடிமன் ஏழு சென்டிமீட்டர். மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் தாங்கினாலும் பல பழைய கேபினெட்டுகளில் அது உள்ளேயே போகாது.