கழற்றிப் பூட்டும் இறக்கை

கல்முனைக் கடற்கரையில் மாதிரி விமானம் பறக்கவிட விரும்பும் மாணவனுக்கு முதற் சங்கடம் ஆகாயத்தில் அன்று, பஸ் வண்டியிலேயே நேர்கிறது. 4 அடி நீள இறக்கையை நெரிசலில் ஒடியாமல் கொண்டு செல்வது எப்படி?

பெரிய விமானங்களுக்கும் இவ்விடர் இருந்தது. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்ட 'ஹேர்மீஸ்' விமானந்தாங்கிக் கப்பலுக்குரிய சுவோர்ட்பிஷ் விமானங்களின் இறக்கை விரிவு 45 அடிக்கு மேல். இறக்கைகளைப் பின்னோக்கி மடித்தால் அகலம் ஏறக்குறைய 17 அடியாகக் குறையும்.

மாதிரி விமானத்துக்கு மடிப்பதைவிடக் கழற்றுவதே எளிது. இறக்கையை நடுவே இரண்டாக்கி, ஒவ்வொரு பாதியிலும் ஒரு குழாயைப் பதித்து, இரண்டையும் ஒரே கோலால் இணைக்கலாம். பறக்கையில் இறக்கையை வளைக்கும் விசை நடுவிலேயே மிகுதி. ஆதலால் கோல் இருபுறமும் ஆழச் செல்லவேண்டும். கோல் ஒன்றே இருப்பின் இறக்கை அதைச் சுற்றித் திருகும். பின்விளிம்பருகே ஒரு சிறு முளை பொருத்தினால் அது நிற்கும். பாதிகள் விலகாதபடி இறப்பர் நாடாவால் இழுத்துக் கட்டவேண்டும்.

உப்புக்காற்றில் உருக்குக் கம்பி துருவேறிக் குழாயினுள் இறுகிவிடும். காபன் நார்க் கோலுக்கு அந்தக் குறை இல்லை.

பறக்கவிடுமுன் இறக்கை நுனிகளை மெல்ல இழுத்துப் பார்த்தல் கடமை. தளர்ந்த இறக்கை, கரைவலை இழுப்போர் தலைமேல் விழலாம் அன்றோ!