போர்ட் கார்டைக் கழற்றுமுன் அளந்து பாருங்கள்

தேயிலை ஸ்டோரில் ரோலர் நின்றுவிட்டால் வாட்டிய கொழுந்து காத்திருக்காது. அதனால்தான் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா நகரங்களின் லேத் பட்டறைகளைத் தோட்டங்கள் இன்றும் நம்பியிருக்கின்றன. தேய்ந்த புஷ், பல் போன கியர், ரோலர் மேசையின் வளைந்த பித்தளை பேட்டன் என்று, கொழும்புப் பஞ்சிகாவத்தையில் கடை கடையாக ஏறி இறங்கினாலும் கிடைக்காத பாகங்களை அங்கே செய்துதான் ஆக வேண்டும். பேட்டனை வார்ப்பதற்கான மர அச்சைச் செதுக்க ஒரு சிறிய சி.என்.சி. ரௌட்டர் போதும். பழைய கணினி, மூன்று ஸ்டெப்பர் மோட்டார்கள், அவற்றுக்கான டிரைவர்கள், கணினியில் செருகும் ஒரு பேரலல் போர்ட் கார்டு ஆகியவற்றைக் கொண்டு அதைப் பட்டறையிலேயே கட்டிவிடலாம். இப்படிக் கட்டும்போது வேலை பெரும்பாலும் தடைபடும் இடம் அந்தக் கார்டுதான். மோட்டார் அசையாவிட்டால் ‘கார்டு போச்சு’ என்று முடிவுகட்டி, இன்னொன்று வாங்கக் கொழும்புக்கு ஆள் அனுப்புவார்கள். அந்த முடிவு அநேகமாகத் தவறானது. கார்டு நன்றாகவே இருக்கும். கோளாறு அதன் முகவரியிலோ, மின்னழுத்தத்திலோ, நேரக் கணக்கிலோ இருக்கும். மூன்றையும் சோதிக்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை.

இந்தப் போர்ட் பிரிண்டருக்காகப் பிறந்தது. 1970இல் அமெரிக்காவின் சென்ட்ரோனிக்ஸ் நிறுவனம் தன் பிரிண்டருக்கு வகுத்த இணைப்பு முறையை, 1981இல் ஐ.பி.எம். தன் பீ.சீ.க்கு எடுத்துக்கொண்டது. அப்போதும் அது தனிக் கார்டில்தான் வந்தது. மதர்போர்டில் குடியேறியது பிறகு. 25 பின்களில் வெளியே சமிக்ஞை அனுப்ப 12, உள்ளே வாங்க 5, மீதி எட்டும் கிரவுண்ட். ஓர் அச்சுக்குத் துடிப்பு ஒன்று, திசை ஒன்று என இரண்டு பின் வேண்டும். ஆக மூன்று அச்சுக்கு ஆறு. மூன்று லிமிட் சுவிட்ச், ஓர் அவசர நிறுத்தம், ஒரு புரோப் என்று வைத்தாலே உள்வழி ஐந்தும் நிரம்பிவிடும். அதற்குமேல் வேண்டுவோர் இரண்டாவது போர்ட்டைத் தேடுகிறார்கள். புதிய மதர்போர்டுகள் பலவற்றிலோ முதல் போர்ட்டே இல்லை. இந்த இரண்டு காரணங்களால்தான் கூடுதல் கார்டு தேவைப்படுகிறது.

முதலில் முகவரியைப் பார்ப்போம். மதர்போர்டில் இருந்த பழைய போர்ட்டின் முகவரி பெரும்பாலும் ஹெக்ஸ் முறையில் 378. மாக்3, லினக்ஸ்சிஎன்சி போன்ற மென்பொருள்களின் மாதிரி அமைப்புகள் அந்த எண்ணையே எதிர்பார்க்கின்றன. கூடுதலாகச் செருகும் பீ.சீ.ஐ. கார்டுக்குப் பொதுவாக அந்த எண் கிடைப்பதில்லை. கணினி எழும்பும்போது காலியான ஓர் எண்ணை அதற்கு ஒதுக்கிவிடும். ஈ010 போல எழுத்தும் இலக்கமும் கலந்த எண்ணாக அது இருக்கலாம். மென்பொருள் 378க்கு எழுதிக்கொண்டே இருக்கும். அங்கே எதுவும் இல்லை என்று கணினி ஒரு வார்த்தை சொல்லாது. காலி முகவரியைப் படித்தால் வழக்கமாக எல்லா பிட்டும் 1 என்றே வரும். லிமிட் சுவிட்சை அழுத்தினாலும் விட்டாலும் திரையில் ஒரு மாற்றமும் தெரியாது. இந்த அடையாளம் கண்ணில் பட்டால் கார்டைக் குறை சொல்லுமுன், விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, கார்டின் ரிசோர்சஸ் பக்கத்தில் உள்ள முதல் எண் வரிசையைப் பாருங்கள். பெரும்பாலான கார்டுகளில் இரண்டு வரிசை இருக்கும்; நமக்கு வேண்டியது முதலாவதன் தொடக்க எண். அதை மென்பொருளில் இட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். கார்டை வேறு ஸ்லொட்டுக்கு மாற்றினாலோ, பக்கத்தில் இன்னொரு கார்டு சேர்த்தாலோ அந்த எண் மாறக்கூடும். நேற்று ஓடிய இயந்திரம் இன்று ஓடாததற்கு இதுவும் ஒரு காரணம்.

முகவரி சரியாகியும் மோட்டார் விக்கி விக்கி ஓடினால் அடுத்து மின்னழுத்தம். பழைய போர்ட்டுகள் 5 வோல்ட் கணக்கில் கட்டப்பட்டவை. புதிய கார்டுகள் பலவும் 3.3 வோல்ட்டோடு நின்றுவிடுகின்றன. பழைய டி.டி.எல். சிப்புக்கு 2 வோல்ட் கிடைத்தாலே அது ‘1’ என்று எடுத்துக்கொள்ளும். ஆனால் போர்ட்டுக்கும் மோட்டார் டிரைவர்களுக்கும் இடையே மாட்டும் பிரேக்அவுட் போர்டில் 74எச்.சி. வகைச் சிப் இருந்து 5 வோல்ட்டில் இயங்கினால், அது கேட்பது சுமார் 3.5 வோல்ட். 3.3 என்பது அந்த வாசற்படிக்குச் சற்றுக் கீழே நிற்கிறது. வெப்பம் ஏறி இறங்க, கேபிளில் கொஞ்சம் இழப்பு வர, ஒரு துடிப்பு ஏறும், அடுத்தது ஏறாது. 200 படி மோட்டாரை 10 மைக்ரோஸ்டெப்பில் வைத்து 5 மில்லிமீற்றர் புரிச் ஸ்க்ரூவில் மாட்டினால், ஒரு மில்லிமீற்றருக்கு 400 துடிப்பு. நூறு துடிப்பு தொலைந்தால் கால் மில்லிமீற்றர் போய்விடும். பேட்டன் பொருந்தாது. சோதனை எளியது: கேபிளைக் கழற்றி, மோட்டார் மின்சாரத்தை நிறுத்தி, மல்டிமீற்றரின் கறுப்பு முனையை 25ஆம் பின்னிலும் சிவப்பு முனையைத் திசைக்கான பின்னிலும் வைத்து, மென்பொருளில் அந்த அச்சை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஒரு திசையில் 0.8 வோல்ட்டுக்குக் கீழும், மறுதிசையில் தெளிவாக உயர்ந்தும் காட்டினால் கார்டு உயிரோடு இருக்கிறது. உயர்ந்த அளவு 3.3க்குப் பக்கத்தில் என்றால் 74எச்.சி.டி. சிப் உள்ள பிரேக்அவுட் போர்டுக்கு மாறுவதே வழி. கார்டுக்கு மேல் கார்டாக மாற்றுவதில் பயனில்லை.

நேரக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மாக்3 சாதாரணமாக ஒரு விநாடிக்கு 25,000 முறை போர்ட்டைத் தொடும். இரண்டு தொடுதலுக்கு இடையே 40 மைக்ரோ விநாடிதான். யூ.எஸ்.பி.யிலிருந்து பேரலலுக்கு மாற்றும் மலிவான கேபிளுக்கு இப்படித் தொடுவதற்கான முகவரியே இல்லை. அதற்குப் பிரிண்டரோடு மட்டுமே பேசத் தெரியும். அதை வாங்கி ஏமாறாதீர்கள். மாக்3இன் போர்ட் டிரைவர் 64 பிட் விண்டோஸில் இயங்காது என்பதையும் கணினி தேடுமுன்னரே அறிந்திருக்க வேண்டும்.

மலையகத்துக்கே உரிய காரணங்களும் உண்டு. சுமார் 1,870 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் மூடுபனியும் ஈரமும் ஆண்டின் பெரும்பகுதி நீடிக்கின்றன. கார்டின் விளிம்பில் உள்ள தொடுபுள்ளிகளில் படலம் படியும். கழற்றி, ஐசோபுரோப்பைல் அல்ககோல் நனைத்த துணியால் துடைத்து மறுபடி செருகினால் சில கார்டுகள் எழுந்துவிடும். மணல்தாளால் தேய்த்தால் தங்கப் பூச்சு போய்விடும். சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகல் இடிமின்னல் அதிகம். அந்த மாதங்களில் வேலை முடிந்ததும் பிளக்கைக் கழற்றி வைப்பதே பாதுகாப்பு. எர்த் சரியில்லாத இடத்தில் மோட்டார் டிரைவரின் இரைச்சல் போர்ட்டுக்குள் ஏறி, யாரும் தொடாத லிமிட் சுவிட்சைத் தொட்டதாகக் காட்டும்.

‘இதெல்லாம் பழங்காலத்து வேலை, ஈதர்நெட் கொன்ட்ரோலர் ஒன்றை வாங்கினால் தொல்லை விட்டது’ என்று சொல்பவர்கள் உண்டு. புதிதாக இயந்திரம் கட்டுபவருக்கு அது நல்ல யோசனைதான். துடிப்பை அந்தக் கருவியே எண்ணிக்கொள்வதால் கணினியின் நேரத் தடுமாற்றம் பாதிக்காது. ஆனால் எர்த், கேபிள், மின்னழுத்தப் பொருத்தம் ஆகிய மூன்றும் அதற்கும் உண்டு. அவற்றை அளக்கத் தெரியாதவருக்கு விலை கூடிய கருவியும் அதே இடத்தில்தான் நின்றுபோகும். 2022 மார்ச்சில் ரூபா மிதக்கவிடப்பட்டபோது 200 ரூபா அளவில் இருந்த டொலர் இரண்டு மாதங்களுக்குள் 350ஐத் தாண்டியதை எந்தப் பட்டறைக்காரரும் மறந்திருக்க முடியாது. கையில் இருக்கும் கணினியை ஓடவைப்பது அன்று முதல் நம் பட்டறைகளுக்குக் கட்டாயம். ‘கார்டு மலிவு, அளந்து நேரத்தை வீணாக்குவானேன்’ என்ற வாதத்துக்கு இன்னும் நேரான பதில் உண்டு. புதுக் கார்டுக்குப் புது முகவரி கிடைக்கும், அதுவும் 3.3 வோல்ட்டே தரலாம். அதே நோய் அப்படியே திரும்பி வரும், கொழும்புக்குப் போய்வந்த நாளும் போயிருக்கும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கணினி எழும்பும் சில நொடிகளில் போர்ட் பின்கள் தம் போக்கில் ஏறி இறங்கும். ஸ்பிண்டில் ரிலே அதோடு இணைந்திருந்தால் வெட்டுக்கருவி தானாகச் சுழலக்கூடும். அவசர நிறுத்தப் பொத்தான் மென்பொருளை நம்பியிருக்கக் கூடாது. மோட்டாருக்கும் ஸ்பிண்டிலுக்கும் போகும் மின்சாரத்தையே அது துண்டிக்க வேண்டும்.

மலையகத்தின் தொழிற்பயிற்சி நிலையங்களை நடத்துவோர் ஒரு பழைய கணினி, ஒரு போர்ட் கார்டு, ஒரு ஸ்டெப்பர் மோட்டார், ஒரு மல்டிமீற்றர் ஆகியவற்றை ஒரு மேசையில் வைத்து மாணவர்களை அளக்கவிட வேண்டும். பட்டறை வைத்திருப்பவர்கள் கார்டின் முகவரியையும், இயந்திரம் நன்றாக ஓடிய நாளில் பின்களில் அளந்த வோல்ட்டையும் ஒரு தாளில் எழுதி, கணினிப் பெட்டியின் உட்புறம் இன்றே ஒட்டிவையுங்கள்.