ஒரே ஆள்... நோயாளியா, குற்றவாளியா? போதைப்பழக்கமும் நம் சட்டமும்!

சர்க்கரை நோயாளி ஒருவர் டாக்டர் பேச்சை மீறி ஜிலேபி சாப்பிட்டால், வீட்டில் செம டோஸ் விழும். அவ்வளவுதான், போலீஸ் வராது. போதைப்பழக்கத்திலிருந்து மீள முடியாமல் தவிப்பவர் மறுபடியும் அதைத் தொட்டால்? கேஸ், கோர்ட், ஜெயில் வரைக்கும் போகலாம். இத்தனைக்கும் போதைக்கு அடிமையாவதும் ஒரு நோய்தான் என்கிறது மருத்துவம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1985-ல் வந்த என்.டி.பி.எஸ் சட்டத்தின் 27-வது பிரிவின்படி, போதைப்பொருளை விற்காவிட்டாலும் பயன்படுத்தினாலே குற்றம். ஹெராயின், கோகெய்ன் என்றால் ஓராண்டு வரை சிறை. கஞ்சா என்றால் ஆறு மாதங்கள் வரை. அபராதமும் உண்டு. ஆனால், 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமோ, மது, போதைப்பொருள்களால் வரும் மனநலப் பாதிப்புகளையும் மனநோய் என்றே வரையறுக்கிறது. ஒரே ஆள், ஒரு சட்டத்தில் நோயாளி, இன்னொன்றில் குற்றவாளி!

ஏன் இந்த முரண்?

'கஞ்சா குடிக்கி', 'திமிரெடுத்துத் திரியுறான்', 'நாலு தட்டு தட்டினா சரியாகிடுவான்'... இப்படிப் பேசிப் பழகிய ஊரில் கைது நடவடிக்கைக்குத்தான் கைதட்டல் கிடைக்கும். சிகிச்சைக்கு நிதி என்றால், 'இவனுங்களுக்கு நம்ம வரிப்பணமா?' என்று கமென்ட் விழும். உடம்புக்குக் கெடுதல் என்பது மட்டுமே அளவுகோல் என்றால், தமிழ்நாட்டில் 2003 முதல் டாஸ்மாக் கடைகளில் அரசே மது விற்றிருக்குமா?

பயம் என்ன செய்யும்?

ஆளை ஒளியவைக்கும். 'டாக்டர்கிட்ட சொன்னா போலீஸுக்குத் தெரிஞ்சிடுமோ?' என்று தயங்கவைக்கும். டோஸ் அதிகமாகி மயங்கியவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போகவே நண்பர்களை யோசிக்கவைக்கும். மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி, 2019-ல் வெளியான ஆய்வின்படி, சட்டவிரோத போதைப்பொருள்களுக்கு அடிமையானவர்களில் சுமார் 20 பேரில் ஒருவருக்குத்தான் உள்நோயாளியாகச் சிகிச்சை கிடைத்திருக்கிறது.

வேறு வழி இருக்கிறதா?

போர்ச்சுகலில் 2001 முதல், 10 நாள் பயன்பாட்டுக்கு உட்பட்ட அளவு வைத்திருந்தால் கிரிமினல் வழக்கு கிடையாது. கோர்ட்டுக்குப் பதிலாக மூன்று பேர் குழு விசாரித்து, தேவைப்பட்டால் சிகிச்சைக்கு அனுப்பும். விற்றால் இப்போதும் ஜெயில்தான். சிகிச்சை வசதிகளும் பெருக, ஊசி வழியாகப் போதை ஏற்றுபவர்களிடையே புதிய ஹெச்.ஐ.வி தொற்றுகள் வெகுவாகக் குறைந்தன.

நம் சட்டத்திலும் 64ஏ என்ற ஒரு ஜன்னல் உண்டு. பயன்படுத்தியதற்காகவோ, சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கியவர், தானாக முன்வந்து அரசு அங்கீகாரம் பெற்ற மையத்தில் சிகிச்சையை முழுமையாக எடுத்துக்கொண்டால், வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம்.

உங்கள் நண்பர் யாராவது இதில் சிக்கியிருந்தால், பட்டப்பெயர் வைப்பதைவிட இந்த நம்பரைக் கொடுங்கள்: 14446. போதை மீட்புக்கான தேசிய இலவச ஹெல்ப்லைன்.